மண்டோர் கம்ப்யூட்டரும் ஐந்து ஆட்களும்

எந்தச் சாமானைப் பார்த்தாலும் அது எப்படிக் கெட்டுப்போகும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டுவிட்டு ரேடியோ பழுதுபார்க்கப் போனவன் நான். கெட்டுப்போன சாமான்களுக்கு நடுவிலேயே வளர்ந்தால் புத்தி அப்படித்தான் போகுமோ என்னவோ. எண்பதுகளின் நடுவில் கோலசிலாங்கூரில் எனக்கென்று ஒரு டிவி, ரேடியோ கடை இருந்தது. மலைக் குரங்குகள் இறங்கி வந்து ஏரியலைப் பிடுங்கிவிடுமோ என்று பயம். மழை வந்தால் இடி விழுமோ என்று பயம். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று பயம்.

அந்தக் கடைக்குத்தான் டாக்டரம்மா ஒருநாள் காரின் பின்சீட் நிறைய ஆறு பழைய கம்ப்யூட்டர்களோடு வந்து இறங்கினார். வீட்டில் டிவியோடு சொருகிப் பிள்ளைகள் விளையாடுகிற சின்னக் கம்ப்யூட்டர்கள் அவை. அவர் எங்கள் பக்கத்து எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியின் மகள். படித்து டாக்டராகி, எஸ்டேட்டில் டிங்கிக் காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். தொழிலாளர் வீட்டு வரிசைகளில் யார் எந்த லயத்தில் படுக்கிறார்கள், பகலில் எங்கே போகிறார்கள், யாருக்கு எப்போது காய்ச்சல் கண்டது என்று வீடு வீடாகக் கேட்டு வைத்திருந்தார். அதைக் கம்ப்யூட்டருக்குள் போட்டு, காய்ச்சலைத் திரும்பத் திரும்பப் பரவவிட்டுப் பார்த்தால் எந்த இடத்தை முதலில் அடைக்க வேண்டும் என்று தெரிந்துவிடுமாம். பல்கலைக்கழகத்தில் பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் அதில் இவருடைய முறை வருவதற்குள் காய்ச்சல் எஸ்டேட்டை இரண்டு சுற்று சுற்றிவிடும்.

"வெளிநாட்டுல சூப்பர் கம்ப்யூட்டர்னு ஒன்னு வெச்சிருக்கான் அண்ணே, ஒரு ரூம் அளவுக்கு. நாம அத உங்க மேச மேல செஞ்சிருவோம் லா" என்றார்.

நான் செய்யமாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் அவசரம் எங்களுக்கும் இருந்தது. ஆயுதபூசைக்கு மறுநாள் காலை, கொசுவுக்குப் புகை அடிக்கும் ஆட்கள் அந்த எஸ்டேட்டுக்கு வருவதாக இருந்தது. அவர்கள் கொண்டுவரும் மருந்து எஸ்டேட்டில் பாதிக்குத்தான் காணும். எங்கே ஆரம்பிப்பது என்று யாரும் சொல்லாவிட்டால் வழக்கம்போல் துரை பங்களாவிலிருந்து தொடங்குவார்கள். கடைசி லயத்துக்கு வருமுன் மருந்து தீர்ந்துவிடும். கடைசி லயத்தில் என் அக்கா இருந்தாள். அவளுடைய சின்ன மகள் அப்போதுதான் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தாள். பெரியவனுக்கும் வந்துவிடுமோ என்று அக்காவைவிட நான்தான் அதிகம் பயந்துகொண்டிருந்தேன்.

ஆறு கம்ப்யூட்டரையும் டெலிபோன் வயரால் இணைத்தேன். எஸ்டேட்டில் விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கங்காணியான மண்டோர் பேர் கூப்பிட்டு ஆளுக்கொரு நிரை மரம் வேலைக்குக் கொடுப்பாரே, அதுதான் டாக்டரம்மாவின் திட்டம். ஒரு கம்ப்யூட்டர் மண்டோர், மற்ற ஐந்தும் ஆட்கள். மண்டோர் கணக்கைப் பிரித்துக் கொடுக்கும், ஆட்கள் முடித்து ஒப்படைப்பார்கள். முதல் சோதனையில் ஓர் ஆள் சூடேறி நின்றுவிட்டான். மண்டோர் அவன் பதிலுக்காகக் காத்தபடி நாள் முழுக்கச் சும்மா கிடந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பெரட்டுல ஒரு ஆள் வரலன்னா மண்டோர் சாயந்தரம் வரைக்கும் அவன் பேரையே கூப்பிட்டுக்கிட்டு நிப்பாரா அண்ணே? நிரைய அடுத்தவன்கிட்ட குடுத்துட்டுப் போயிக்கிட்டே இருப்பாருல்ல? இது என்னா மண்டோர்?"

அன்றே புரோகிராமில் அதற்கும் வழி எழுதிச் சேர்த்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆறில் ஒன்றும் சாகக்கூடாது என்று என் பங்குக்குக் காவல் போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் விரிப்பு. சூட்டுக்கு இரண்டு காற்றாடி. குரங்குக்கு ஜன்னல் கம்பிவலை. எறும்பு ஏறி வயருக்குள் புகுந்துவிடக்கூடாதே என்று, சமையலறை அலமாரிக்கு வைப்பதுபோல், மேசையின் நான்கு கால்களுக்கும் அடியில் தண்ணீர் ஊற்றிய பால் டின்கள். பிள்ளைகள் அந்த அறைப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு.

கணக்கு ஓடத் தொடங்கிச் சில நாளில் ஆயுதபூசை வந்தது. புதுக் குழப்பம். பூசையன்று கருவிகளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், ஈயம் பற்றவைக்கும் சால்டர் கம்பியைக்கூட நான் தொடக்கூடாது. இவற்றை மட்டும் எப்படி ஓடவிடுவது என்று மனைவி கேட்டாள். நிறுத்தினால் ஓடிய கணக்கெல்லாம் போய்விடும், மறுநாள் காலைக்குப் பதில் கிடைக்காது. நிறுத்தாவிட்டால் சாமி குற்றம். நான் இரண்டுக்கும் சேர்த்துப் பயந்தேன். பூசைக்கு வந்த டாக்டரம்மாதான் தீர்த்து வைத்தார்.

"ஓடற மெஷினுக்கே பூச போடுவோங்க்கா. ஆயுதபூசன்னு நம்ம நெஞ்சு அடிக்காம லீவு போட்டுருச்சா?"

அது சரி என்று மனைவிக்குப் பட்டது. சந்தனம் குங்குமம் வைப்பதற்காக, அதற்காக மட்டும், பிளாஸ்டிக்கை விலக்கினேன். சூடத்தைத் தூரத்தில் காட்டச் சொன்னேன். பொரி சிந்தக்கூடாது என்றேன். பிள்ளைகளை வாசலுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன். எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தேன், ஒருவரைத் தவிர. வந்த விருந்தாளி ஆயிற்றே என்று மனைவி மஞ்சள் தண்ணீர்ச் செம்பையும் மாவிலையையும் டாக்டரம்மாவிடம் நீட்டினாள். அவர் பக்தியோடு மாவிலையை முக்கி, கும்பாபிஷேகத்துக்குத் தெளிப்பதுபோல் வீசினார்.

நான்காம் ஆள் 'டக்' என்று அணைந்தான்.

"ஐயோ, ஆளக் கொன்னுட்டேனே" என்று டாக்டரம்மா மெல்லச் சொன்னார். அக்கா மகன் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. மண்டோரோடு இணைத்திருந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்தில் டாக்டரம்மா எழுதி வைத்திருந்த தமிழ்: 'நாலு வரல. நிரை மாத்தியாச்சு.' மண்டோர் மிச்சமிருந்த நால்வரோடு வேலையைத் தொடர்ந்தது. என் மனைவி அதைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

செத்த ஆளின் வயரைப் பிடுங்குவதற்காக டாக்டரம்மா மேசைக்கு அடியில் குனிந்தார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. மயக்கமோ என்று நான் குனிந்தால், அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொசுவப் பத்திக் கணக்குப் போடற மேசைக்குக் கீழயே கொசு வளக்கிறீங்களா?"

என் பால் டின் நான்கிலும் கொசுப்புழு துள்ளிக்கொண்டிருந்தது. டிங்கிக் கொசுவுக்கு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டுமாம். அன்று என் வீட்டில் வெகுநேரம் சிரிப்பு ஓயவில்லை. என் பிள்ளைகள் சிரித்ததை மட்டும் நான் ரசிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் டிவியில் பதில் நின்றது. ஒரு பூஜ்ஜியம். எல்லாம் போச்சு என்று சுவரில் சாய்ந்துவிட்டேன். விடியுமுன்பே வந்திருந்த டாக்டரம்மா என் தோளை உலுக்கினார். லயங்களுக்கு ஒன்றிலிருந்து எண் போட்டவர், இரவில் யாரும் படுக்காத ஓர் இடத்துக்கு மட்டும் பூஜ்ஜியம் போட்டிருந்தாராம். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை. டிங்கிக் கொசு பகலில் கடிப்பது. எல்லா லயத்துப் பிள்ளைகளும் பகலில் அங்கேதான் கிடக்கிறார்கள். அங்கே கடி வாங்கி, காய்ச்சலை லயத்துக்கு லயம் கொண்டுபோகிறார்கள். சொன்ன பிறகு அது எங்கள் எல்லாருக்கும் முன்பே தெரிந்ததுபோல் இருந்தது.

காரில் பறந்தோம். புகை அடிக்கும் ஆட்கள் பங்களா வாசலில் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா தலைவரிடம் மலாய் மொழியில் மூச்சுவிடாமல் பேசி, அவர்களைக் கொட்டகைக்குத் திருப்பினார். நான் முன்னால் ஓடினேன். ஆயா பிள்ளைகளை வெளியே மரத்தடியில் உட்காரவைத்தார். உள்ளே பால்மாவு வைத்திருந்த அலமாரியைப் பார்த்தேன். நான்கு காலுக்கும் அடியில் நான்கு டின், நான்கிலும் தண்ணீர். குனிந்து பார்த்தேன். துள்ளிக்கொண்டிருந்தன.

ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வெயிலில் கொட்டினேன். ஆயாவுக்குக் கோபம்.

"எறும்பு ஏறிச்சின்னா நீயா வந்து பொறுக்குவ?"

"மண்ணெண்ணெ ஊத்திக் குடுக்கிறேன் ஆயா. எறும்பும் வராது, கொசுவும் வராது."

"மண்ணெண்ணெய்ல தீப்பிடிச்சிக்கிச்சின்னா?"

அட, என்னைப் போல இன்னொருத்தி. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஆயாவைப் பார்த்துக் கும்பிட்டேன். மரத்தடியில் அக்கா மகன் மற்றப் பிள்ளைகளோடு நின்று, கொட்டகைக் கூரைவழியே எழும்பிய வெள்ளைப் புகையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தான்.