மஜன்னாவை ஆற்றில் விட்ட நாள்

செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, ஒக்லாந்தின் மாசி என்ற புறநகரில் எங்கள் வேலிக்கு அப்பால் எவா ஒரு பெண்ணுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். வைக்கோலால் செய்த ஆளுயரப் பெண். கழுத்தில் முட்டைக் கோதுகளைக் கோத்த மாலை. எவா போலந்துக்காரர், எழுபதை நெருங்குகிறவர், எங்களுக்குப் பல வருட அயல். தோட்டத்துக்கு வெருளி கட்டுகிறார் என்று நினைத்து, "குருவியளுக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை நாதன், இவளைக் கொல்லப் போறன்," என்றார், ஊசியில் நூலைக் கோத்தபடி. "பின்னேரம் நீங்களும் வாங்கோ. எனக்குத் தோள்மூட்டு நோ. எறிய ஒரு ஆள் வேணும்."

அவள் பெயர் மஜன்னா. குளிர்காலம் அவள்தானாம். போலந்தில் மார்ச் மாதம் அவளை ஆற்றில் தள்ளினால்தான் வசந்தம் வரும். வந்த புதிதில் எவாவும் இங்கே மார்ச்சிலேயே செய்து பார்த்திருக்கிறார். ஆனால் நியூசிலாந்தில் அப்போதுதான் வெயில் முடிந்து குளிர் வரத் தொடங்கும். வருகிறவளை எப்படி வழியனுப்புவது? அதனால் கோஃபாய் மரங்கள் மஞ்சளாய்ப் பூக்கும் செப்டம்பருக்கு மாற்றிவிட்டார்.

எனக்கும் அது கொடிய குளிர்காலம். ஜூலையில் சாவகச்சேரியில் அம்மா இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் தாய்க்குக் கொள்ளி வைப்பது கடைசி மகன். நான்தான் கடைசி. ஒக்லாந்திலிருந்து நான் போய்ச் சேரும்வரை உடலை வைத்திருக்க முடியாது என்றார்கள். அண்ணா வைத்தார். மச்சான் ஒருவர் கைபேசியில் எனக்குக் காட்டினார். கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டும், அண்ணா நடந்தார். கைபேசி நடக்கவில்லை. அது சிதையையே பார்த்துக்கொண்டு நின்றது, அதன் வழியே நானும். என் கைபேசியை அணைக்கக் கை வரவில்லை. அதன் பிறகு கண்ணை மூடினால் அந்த நெருப்புத்தான்.

பின்னேரம் எவாவுடன் காரில் போனேன். ஆற்றின் இறங்குதுறையில் ஐந்தாறு போலந்துக் குடும்பங்கள் கூடியிருந்தன. பிள்ளைகள் சட்டி மூடிகளைத் தட்டினார்கள். பொம்மையின் இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. ஆற்றில் குப்பை சேரக்கூடாதென்று, பிறகு யாரோ இழுத்தெடுத்துவிடுவார்களாம்.

"எறிஞ்ச உடன திரும்பிடவேணும்," என்றார் எவா. "வீடு போய்ச் சேரும் வரைக்கும் பின்னால பாக்கக்கூடாது. பாத்தால் அவளும் எங்களோட வந்திடுவாள்."

"எங்கட ஊரிலயும் இப்பிடித்தான்," என்றேன்.

"குளிர்காலத்துக்கோ?"

"இல்லை. அம்மாவுக்கு."

எவா திகைத்துப்போனார். "அம்மாவை ஆத்தில எறியிறதோ?"

"இல்லை, எவா. நெருப்பில விடுறது. நான் போகேல்லை."

அவர் பொம்மையின் சட்டையை ஒருமுறை நீவிவிட்டு, அதை என் இரண்டு கைகளிலும் கிடத்தினார்.

இவ்வளவு இலேசாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. எறிந்தேன். திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சத்தமிட்டது. புல்மேட்டில் எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். சின்னஞ்சிறுசுகள்கூடத் தாய்மாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை விறைப்பாக வைத்து நடந்தன. ஒருவரையொருவர் அறியாத இரண்டு சனங்கள் உலகின் இரண்டு மூலைகளில் இந்த ஒரே நடையை எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? கண்ணீர் வழிந்தது. துடைக்காமல் நடந்தேன்.

காரில் ஏறியதும் எவா கையை நீட்டி நடுக் கண்ணாடியைக் கூரைப்பக்கம் திருப்பினார். "இதுவும் பாக்கிறதுதான்." பக்கக் கண்ணாடிகளைக் காட்டினேன். சற்று யோசித்தார். "அதுகளுக்கு மன்னிப்பு உண்டு. பொலிஸ் பிடிக்கும்."

வீட்டு முற்றத்தில் மனைவி சுகந்தி பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். "எங்க போட்டு வாறியள்?"

நடந்ததைச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப உப்பிடியே உள்ள போகாதேங்கோ. செருப்பைக் கழட்டுங்கோ."

நீர்க்குழாயை என் கால்களின் மேல் பிடித்தாள். தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த எவா, எதற்கென்று கேட்காமலே, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். சுகந்தி அவர் கால்களையும் நனைத்தாள்.

இருவரும் கதவைப் பார்த்தபடி நின்றோம். முதுகுக்குப் பின்னால் இருப்பது எந்த ஊர் என்று அந்தக் கணத்தில் கேட்டிருந்தால், எனக்குச் சொல்லத் தெரிந்திராது.