இருளப்பன் படித்த பக்கம் வரை

உமாராணியின் வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்த அன்று அவள் ஒரு நாவலின் பாதியைத் தாண்டியிருந்தாள். இடது கண் போன வருடமே போய்விட்டது. சர்க்கரை. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, கோழி தானியம் பொறுக்குவது போல வரி வரியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுத்துகளின் மேல் கறுப்பாகப் புகை மாதிரி ஏதோ இறங்கியது. கண்ணைக் கழுவினாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளிச்சம் தெரிந்தது. எழுத்து தெரியவில்லை.

மெர்போக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது சுங்கை பட்டாணிக்கு வந்து, கையுறைத் தொழிற்சாலையில் கால் கடுக்க நின்று வேலை பார்த்தவள். பார்வை மங்கியதும் அந்த வேலையும் போனது. கணவர் ஹேமநாதன் லோரி ஓட்டுகிறார். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போனால் மறுநாள்தான் வீடு திரும்புவார். மகன் புவனேசனுக்குப் பினாங்கில் வேலை. அடுக்குமாடி வீட்டில் பகல் முழுக்க அவளும் புத்தகமும்தான்.

அந்தப் புத்தகங்கள் எல்லாம் கீழே டோபிக் கடையிலிருந்து வந்தவை. காசு போட்டால் துவைக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் யாரோ ஓர் அலமாரியை வைத்திருந்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஒன்றை வைத்துவிட்டுப் போக வேண்டும். மேல் தட்டுகளில் மலாய் நாவல்களும் ஆங்கிலச் சமையல் புத்தகங்களும், அடித்தட்டில் கொஞ்சம் தமிழும் இருக்கும். அந்த அடித்தட்டில் உமாராணிக்கு முகம் தெரியாத ஒரு கூட்டாளி இருந்தார். அவள் வைத்தது இரண்டொரு நாளில் போய்விடும். அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கும். ஓரங்களில் மஞ்சள் கறை இருக்கும். ஓய்வு பெற்ற வாத்தியார் யாரோ சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறார் போல என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது பாதியில் நின்றதும் அப்படி வந்த நாவல்தான். காணாமல் போன தம்பியைத் தேடி ஓர் அக்கா ஊர் ஊராகப் போகிறாள். உப்பளத்தில் அவனைப் போல ஒருவன் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பேருந்திலிருந்து இறங்குகிறாள். அந்த இடத்தில்தான் புகை இறங்கியது.

அரசாங்க மருத்துவமனையில் இளம் மலாய் டாக்டர் நிதானமாகச் சொன்னார். இரத்தம் தானாக வடிகிறதா என்று பார்க்க வேண்டும். வடியாவிட்டால் அறுவை சிகிச்சை. பார்வை எவ்வளவு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

"எப்போ படிக்கலாம் டாக்டர்?" என்று உமாராணி மலாயில் கேட்டாள்.

"முதலில் கண்ணைக் காப்பாற்றுவோம், மக்சிக்" என்றார் டாக்டர், அத்தையை அழைப்பது போல.

அந்த வாரக் கடைசியில் வந்த மகன் கையில் புத்தகத்தைக் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மா, நான் மலாய் ஸ்கூல்ல படிச்சவன்லா. எனக்கு 'அ'னாகூடத் தெரியாது. நீங்கதானே போட்டீங்க?"

உண்மைதான். தமிழ்ப்பள்ளி தூரம், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்று அவள்தான் முடிவு செய்தாள். அவள் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஹேமநாதன் மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஒரு வரியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. "கதைதானே உமா, விடேன்" என்றார்.

"கதைதாங்க. எனக்கு வேற என்ன இருக்கு இந்த வீட்டுல?" என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு லோரிக்குப் போய்விட்டார்.

மறுநாள் சுவரைத் தடவி, படியைத் தடவி, கீழே டோபிக் கடைக்கு இறங்கினாள். உள்ளே வருகிறவர்களின் நிழலை நோக்கிப் புத்தகத்தை நீட்டி, "தமிழ் படிக்கத் தெரியுமாம்மா? தெரியுமா தம்பி?" என்று கேட்டாள். சிலர் சிரித்து மழுப்பினார்கள். சிலர் காது கேளாதவர்கள் போல உடைகளை உதறினார்கள். ஒரு பெண் அவள் கேட்டதை முழுதாகக் கேட்காமலே உள்ளங்கையில் ஒரு நாணயத்தை வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனாள். உமாராணி அந்த நாணயத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இதற்கு மேல் கீழே போக இடமில்லை என்று நினைத்தாள். ஆனாலும் மறுநாளும் வந்தாள்.

மூன்று மணி வாக்கில் வெங்காய வாசனையோடு ஒருவன் துணி மூட்டையுடன் வந்து நின்றான். அவள் கேட்பதற்கு முன்னால், "அக்கா, இது நான் வச்ச புத்தகமாச்சே" என்றான்.

அந்த வாத்தியார் வாத்தியாரே இல்லை. இருளப்பன், இராமநாதபுரம் பக்கத்துக்காரன். இரண்டு தெரு தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. கடை மாடியில் பத்துப் பேரோடு படுக்கை. "முன்னாடி வேலை செஞ்சவங்க விட்டுட்டுப் போன புத்தகங்கக்கா. ஒண்ண மூஞ்சிக்கு நேரா பிடிச்சிக்கிட்டாத்தான் கொஞ்சம் தனியா இருக்கற மாதிரி இருக்கும்."

அவள் தன் கண்ணைப் பற்றிச் சொன்னாள். அவன் பெருமூச்சு விட்டான். "நான் இத முடிச்சிட்டேன். என்ன ஆச்சுன்னு சொல்லிரட்டுமா?"

"சொல்லாதேப்பா. படி."

கடையில் மத்தியான வேலை ஓய்ந்த நேரத்தில் அவன் வரத் தொடங்கினான். உலர்த்தும் இயந்திரம் பக்கத்தில் உறுமும். அவன் அதற்கு மேலே குரலை ஏற்றி, உப்பளத்து முதலாளி பேசும்போது அதட்டி, அக்கா பேசும்போது தணிந்து படிப்பான். உப்பளத்தில் இருந்தவன் வேறொருவன். அக்கா அடுத்த ஊருக்குப் போனாள். உமாராணி வீட்டுக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு, கேட்ட வரிகளை மறுபடி மனதில் ஓட்டுவாள். பசியாறியதா இல்லையா என்பதுகூட மறந்துபோகும்.

ஒருநாள் அவன் குரல் சரியில்லை. கேட்டதும் மெல்லச் சொன்னான். "பெர்மிட்டு முடிஞ்சு போச்சுக்கா. புதுப்பிச்சித் தர்றேன்னு மொதலாளி பாஸ்போர்ட்ட வாங்கிட்டுப் போனாரு. கேட்டா நாளைக்கு நாளைக்குங்கறாரு. போலீஸ் வண்டியப் பாத்தாலே சந்துக்குள்ள பூந்துக்கறேன்."

"அப்போ ஏன்பா தெருவுல நடந்து இங்க வர்ற?"

"மாடியிலேயே கெடந்தா பைத்தியம் புடிச்சிரும்கா."

அன்று அவன் வழக்கத்தைவிட நிறையப் படித்தான். மூச்சு வாங்கப் படித்தான். அக்கா ஒரு துறைமுகத்தில் கப்பலைப் பார்த்து நிற்கும் இடத்தில் பக்க ஓரத்தை மடித்து, புத்தகத்தை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. துணி காயவைக்க வந்த ஒரு கிழவர்தான் சொன்னார்: சாப்பாட்டுக் கடையில் குடிநுழைவு அதிகாரிகளின் சோதனையாம், மாடியில் இருந்தவர்களை எல்லாம் லோரியில் ஏற்றித் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்களாம். உமாராணி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனாள். "எந்த இருளப்பன்? எனக்கு யாரையும் தெரியாது" என்றார் முதலாளி. உள்ளே கல்லில் தோசை சுடும் சத்தம் கேட்டது. அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டான்.

"என்னைத் தடுப்பு முகாமுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"உமா, அவன் நமக்கு யாரு?"

"எனக்குக் கண்ணுங்க" என்றாள்.

ஹேமநாதன் விடுப்பு எடுத்து, தன் தம்பியின் காரை இரவல் வாங்கி ஓட்டினார். அலமாரியிலிருந்து எடுத்த ஒரு புத்தகத்தை அவள் இருளப்பனுக்காக வைத்திருந்தாள். வாசலில் காவலர் மலாயில் கேட்டார்: உறவா? முழுப் பெயர் என்ன? தகப்பன் பெயர்? இருளப்பன் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. புத்தகத்தையாவது கொடுங்கள் என்று கெஞ்சினாள். வாங்க முடியாது என்றார்.

"உள்ள ஆள் யாராச்சும் தெரியுதா? நல்லாப் பாருங்க" என்று கணவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"சுவருதான்மா தெரியுது."

அவள் வாய்விட்டு அழுதாள். வாசலுக்கு எதிரே, வெயிலில், பிள்ளையைப் பறிகொடுத்தவள் போல அழுதாள். அவர் அவளைக் காருக்குள் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அழுகை நிற்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அவள் பையிலிருந்த நாவலை எடுத்து, மடித்த பக்கத்தைப் பிரித்தார்.

"க... கப்... கப்பல். பு, ற... புறப்... புறப்பட்டது."

"வேணாம், விடுங்க."

"இருலா, படிக்கிறேன்" என்று அதட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

அந்த நாவல் முடிய மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. லோரி ஓடாத நாட்களில் அரைப் பக்கம், சில நாள் நான்கே வரி. அக்காவுக்குத் தம்பி கிடைக்கவில்லை. கேட்டு முடித்ததும் உமாராணி புத்தகத்தை வாங்கி, இருளப்பன் மடித்த பக்க ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். அறுவை சிகிச்சை நடந்தது. கதவு எது ஜன்னல் எது என்று தெரிகிற அளவுக்குத்தான் பார்வை திரும்பியது. எழுத்து திரும்பவில்லை. இருளப்பன் ஊர் போய்ச் சேர்ந்தானா என்று இன்றுவரை தகவல் இல்லை. அவள் இப்போதும் மூன்று மணிக்கு டோபிக் கடைக்கு இறங்கி வந்து, வாசலைப் பார்த்து உட்காருகிறாள். யாராவது உள்ளே வந்தால் முதலில் வெங்காய வாசனை வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்க்கிறாள். சோப்பு வாசனைதான் வருகிறது.