வெள்ளிப் பெயிண்ட் அடித்த பால் டின்கள்

1. நாலாம் நாள் காலை

மழை விடவில்லை. நான் ஸ்டோர் கதவுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். போகும்போது ஒரு தடவை மூட்டைகளை எண்ணினேன், வரும்போது ஒரு தடவை. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மூன்றுதான் இருந்தன.

கேரளத்தில், வண்டன்மேட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லை மேட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்த தேயிலைத் தோட்டம் அது. எழுபதுகளின் நடுப்பகுதி. நான் அங்கே ஸ்டோர் கிளார்க், அதிலும் டெம்பரவரி. மூன்று வருஷமாக டெம்பரவரி. என்னைக் கன்ஃபர்ம் செய்யும் காகிதம் மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்தக் காகிதத்துக்காகச் சங்கரன்கோவிலில் ஒரு பெண்ணும் காத்திருந்தாள்.

ஜீப் ரோடு இரண்டு இடத்தில் மண்ணோடு சரிந்துபோய்விட்டது. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் அறுபது குடும்பம். மேனேஜர் கம்பூட்ஸில் தண்ணீர் சொட்ட உள்ளே வந்தார். மலையாளி. எங்களோடு தமிழில்தான் பேசுவார், ஆனால் அவசரம் வந்தால் பாதி வழியில் மலையாளத்துக்குத் திரும்பிவிடுவார்.

"எடோ பாண்டி, அரிசி எத்ர நாளைக்கு வரும்?"

"இன்னிக்கும் நாளைக்கும் சார். கஞ்சியா காச்சுனா நாளன்னிக்கும்."

அவருக்குப் பின்னாலேயே பேச்சியம்மா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள். கொழுந்து எடுப்பவள். லயத்தில் யாருக்கு என்ன குறை என்றாலும் பேச வருவது அவள்தான்.

"தொரை, நீங்க ஒரு நா கண்ண மூடிக்கிட்டீகன்னா போதும். நாங்க மேட்டு வழியா எறங்கி, கம்பத்துல இருந்து அரிசி கொண்டாந்துருவோம்."

மேட்டுப் பாதையில் அரிசி வருவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆனால் அந்தக் காலத்தில் எல்லை தாண்டி அரிசி கொண்டுவந்தால் அது கடத்தல். போன மாதம்தான் செக்போஸ்ட்காரர்கள் எங்கள் தோட்டத்துப் பெண்கள் நாலு பேரைப் பிடித்து, மேனேஜரையும் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"வேண்டா" என்றார் மேனேஜர். "என் எஸ்டேட்டுக்குக் கடத்தல்னு பேரு வரக்கூடாது. எமர்ஜென்சி ஸ்டாக் உண்டல்லோ? அது எடுக்கலாம். பாண்டி, எல்லாம் திங்கறதுக்கு நல்லதுன்னு எழுதி ஒப்பு போட்டுக் கொடு."

எனக்குக் காலடியிலும் மண் சரிந்த மாதிரி இருந்தது.

2. அந்த டின்கள்

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று பயந்த ஒரு வெள்ளைக்கார துரை வாங்கி அடுக்கியது அந்த ஸ்டாக். ஜப்பான்காரன் வரவில்லை. துரையும் ஊருக்குப் போய்விட்டார். டின்கள் மட்டும் ஸ்டோரின் மேல் தட்டில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருந்தன. பிஸ்கட் அடைத்த பெரிய சதுர டின்கள் பத்து. பால், கறி, காய் என்று வட்ட டின்கள் ஐம்பதுக்கு மேல். அவற்றின் லேபிள்களைப் பூச்சி தின்று ரொம்ப நாள் ஆகியிருந்தது. சின்னதாக இருப்பதை வைத்துத்தான் பால் டின் என்று தெரியும்.

வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனியிலிருந்து வி.ஏ. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவார். விசிட்டிங் ஏஜென்ட். அவர் வருவதற்கு முந்தின வாரம் தோட்டத்தில் அசையாமல் நிற்பதற்கெல்லாம் பெயிண்ட் அடிப்பது எங்கள் வழக்கம். கேட், மைல்கல், தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் கதவு. அந்த வரிசையில் இந்த டின்களும் உண்டு. வருஷா வருஷம் துரு தெரியாமல் ஒரு கோட்டிங் வெள்ளிப் பெயிண்ட்.

முதல் வருஷம் நான் தட்டில் ஏறியபோது சில வட்ட டின்களின் மூடி உப்பியிருந்தது. ஒன்றின் மேல் ஒன்று நிற்கவில்லை, சரிந்து சரிந்து விழுந்தன. வி.ஏ.வுக்கு அடுக்கு நேராக இருக்கவேண்டும். எனக்கு மூளை கொஞ்சம் அதிகம் என்று அப்போது ஓர் எண்ணம். ஆணியை வைத்து ஒரு தட்டு தட்டினேன். புஸ்ஸென்று காற்று போய், மூடி சமத்தாகப் படிந்தது. பொத்தலை ரிஜிஸ்தர் பார்சலுக்கு வைக்கும் அரக்கை உருக்கி அடைத்தேன். அதன் மேல் பெயிண்ட். உள்ளேயிருந்து வந்த வாடைக்கு மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

மூன்று வருஷத்தில் இப்படி ஏழு டின். எட்டாகவும் இருக்கலாம். எது எது என்று ஞாபகமில்லை. எல்லாமே ஒரே மாதிரி மின்னின. மின்னியதைப் பார்த்துத்தான் வி.ஏ. என் முதுகில் தட்டி, இந்தப் பையனைக் கன்ஃபர்ம் செய்யலாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் லயத்தில் யார் வயிற்றுக்கு என்ன போகும் என்று எனக்கே தெரியாது.

3. தின்று காட்டினேன்

புத்திசாலி ஒருவன் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் சொன்னது இது:

"சார், எழுதிக் குடுக்கறதுல என்ன இருக்கு? எல்லாரும் பாக்க நானே தின்னு காட்டுதேன்."

என் கணக்கு எளிது. நோய் வந்தால் டின்களைத் தூக்கி எறிந்துவிடுவார்கள், நான் தியாகி. வராவிட்டால் வேறு ஏதாவது யோசிக்க ஒரு நாள் கிடைக்கும். அதிலும் தியாகத்தை அளவோடு வைத்துக்கொண்டேன். சதுர டின்கள் ஒருநாளும் உப்பியதில்லை, நான் ஆணி வைத்ததுமில்லை. அதில்தான் ஒன்றை எடுத்தேன்.

காலையில் ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டர் கொட்டகையில் கூட்டம் கூடிவிட்டது. பிஸ்கட்டைக் கடித்தேன். பிஸ்கட் ஒன்றும் ஆகவில்லை, என் கடைவாய்ப் பல்தான் ஓர் அசைவு அசைந்தது. பால் விடாத கட்டன் சாயாவில் ஊறப்போட்டுத் தின்றேன். பழைய விளக்குத்திரியைச் சப்பிய மாதிரி எண்ணெய்ச் சிக்கு. நாலு தின்றேன்.

"எப்படி இருக்கு கிளாக்கரய்யா?" என்றாள் பேச்சியம்மா.

"வெள்ளைக்காரன் ஏன் ஊருக்குப் போனான்னு இப்பத்தான் புரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்று முழுக்க என்னைக் கண்காணித்தார்கள். டிஸ்பென்சரி கம்பவுண்டர் மணிக்கொரு தரம் வந்து நாடி பார்த்தார். நான் கொல்லைப்பக்கம் போனால் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கேடும் வரவில்லை. என் வயிறு இப்படி ஒத்துழைத்து நான் கண்டதே இல்லை. அன்றைக்குப் பார்த்துத்தான் அதற்கு அந்த நல்ல புத்தி வரவேண்டுமா?

சாயங்காலம் மேனேஜர் ஸ்டோர் வாசலில் நின்று சொன்னார். "பாண்டி, நீ ஆண்குட்டி, தைரியசாலி. நாளைக்குக் காலைல எல்லா டின்னும் கொடுத்துடலாம். முதல்ல பால். சின்னப் பிள்ளைங்களுக்கு."

ஒரு டின் நன்றாக இருந்தால் பக்கத்து டின்னைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இந்தச் சின்ன விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தேகத்தோடு இருந்தவர்களையும் நான் நாலு பிஸ்கட்டைத் தின்று நம்பவைத்துவிட்டேன்.

4. சுரண்டினேன்

வெளிச்சம் இருக்கும்போதே கதவைச் சாத்திக்கொண்டு வட்ட டின்களைக் கீழே இறக்கினேன். அரக்கு வைத்தவற்றைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டால் யாருக்கும் தெரியாமல் தப்பிக்கலாம். பேனாக்கத்தியால் மூடிகளைச் சுரண்டத் தொடங்கினேன். ஒரு டின்னைச் சுரண்டுவேன், எழுந்து ஜன்னலைப் பார்ப்பேன், மறுபடி உட்காருவேன். யாரோ வருகிற மாதிரியே இருந்தது. வந்தது மழைதான்.

வெள்ளிக்கு அடியில் என் சிவப்பு அரக்கு ஒன்று தென்பட்டது. இரண்டு. மூன்று. ஐந்து வரை வந்தேன். தெம்பு வந்தது. ஆறாவது டின்னில் வெள்ளிக்கு அடியில் அரக்கு இல்லை, பச்சைப் பெயிண்ட் இருந்தது. என் காலத்தில் பச்சை அடித்ததே இல்லை. பச்சையையும் சுரண்டினேன். அதற்கு அடியில், கச்சிதமாக, ஒரு கறுப்புத் தார்ப் பொட்டு.

எனக்கு முன்னால் இருந்த ஸ்டோர் கிளார்க்கும் ஆணி வைத்திருக்கிறார்!

இன்னொன்றை எடுத்தேன். பச்சைக்கும் அடியில் காவி நிறம், அதற்கும் அடியில் ஈயப் பற்று. அவருக்கும் முன்னால் இருந்தவர். அவர் கொஞ்சம் வேலை தெரிந்தவர் போலிருக்கிறது, பற்றவைத்திருந்தார். இத்தனை வருஷமாக இந்த ஸ்டோருக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே புத்திசாலித்தனத்தைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறோம்.

அதற்கு மேல் சுரண்டவில்லை. ஐம்பது டின்னில் எது நல்லது என்று சொல்ல ஆளே கிடையாது. கெட்டுப்போனேன் என்று சொல்ல டின்னுக்குத் தெரிந்த ஒரே பாஷை உப்புவது. பேசிய டின்னின் வாயையெல்லாம் வரிசையாக அடைத்து வைத்திருந்தோம்.

5. பால்

மறுநாள் காலை மஸ்டர் கொட்டகையில் மேஜை போட்டு வட்ட டின்களை அடுக்கியிருந்தார்கள். சுரண்டியவற்றைத் துணி போட்டு மூடி ஓரமாக வைத்திருந்தேன். கையில் சுத்தியலும் உளியும். முதல் ஆளாகப் பேச்சியம்மா போசிப் பாத்திரத்தோடு நின்றாள். இடுப்பில் அவள் கடைசிப் பெண், இரண்டு வயசு.

நான் டின்னை இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். உளியைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

"என்ன கிளாக்கரய்யா, டின்னுக்குச் சடங்கா சுத்துறீக? ஒடைங்க. பிள்ள அழுவுறா."

"அக்கா, நீங்க கொஞ்சம் பொறுத்து வாங்களேன்..."

"எதுக்குப் பொறுக்கணும்? நேத்து நீங்க தின்னு பாத்துட்டீகள்ல? எனக்கு அது போதும்."

வேறு யார் என்ன சொல்லியிருந்தாலும் நான் இன்னும் கொஞ்ச நேரம் உளியைத் துடைத்துக்கொண்டே இருந்திருப்பேன்.

"போதாது அக்கா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "நான் தின்னது கெடாத டின்னாப் பாத்து எடுத்தது. இதுல கெட்டது இருக்கு. உப்புனத ஆணி வச்சுக் காத்தப் புடுங்கி, அரக்கு வச்சு, மேல பெயிண்ட் அடிச்சது நாந்தான்."

துணியை எடுத்துச் சுரண்டியவற்றைக் காட்டினேன். மேனேஜர் ஒரு டின்னை எடுத்து அரக்கைப் பார்த்தார். அது ஆபீஸ் அரக்கு என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லாக் கொதிக்க வச்சாலோ?" என்று கம்பவுண்டரைக் கேட்டார்.

"உள்ள என்ன வெஷம்னே தெரியாம எவ்வளவு நேரம்னு கொதிக்க வைக்க சார்? வாடையே இல்லாத வெஷமும் உண்டு. பச்சப் பிள்ளைக்கு நான் குடுக்கச் சொல்ல மாட்டேன்."

பேச்சியம்மா என்னையே பார்த்தாள். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னை விட்டுவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"இப்பச் சொல்லுங்க தொரை. அந்தப் பத்து டின் பிஸ்கட்டு அறுபது குடும்பத்துக்கு ஒரு நாளைக்குக்கூடக் காணாது. கண்ண மூடுதீகளா, இல்ல இதத் திங்கச் சொல்லுதீகளா?"

மேனேஜர் தொப்பியைக் கழற்றினார், தண்ணீரை உதறினார், மறுபடி போட்டுக்கொண்டார். "நான் வடக்கு டிவிஷன் பார்க்கப் போறேன். நாளை உச்சைக்குத்தான் வருவேன். மேட்டுப் பக்கம் நான் நோக்க மாட்டேன்." இரண்டடி போய்த் திரும்பினார். "பாண்டி, நீ குழி வெட்டு. ஆழமா. பிறகு அவங்க கூட நீயும் போய் அரிசி சும."

6. குழியும் அரிசியும்

ஃபாக்டரிக்குப் பின்னால், ஓடையை விட்டுத் தள்ளி, மார்பளவு வெட்டினேன். வட்ட டின்களைப் பிறகு யாரும் ஆசைப்பட்டு எடுத்துவிடக்கூடாது என்று கடப்பாரையால் ஒவ்வொன்றாகக் குத்திப் போட்டேன். சிலவற்றில் கேடு ஒன்றும் தெரியவில்லை, பழுப்பாகக் கெட்டிப் பால். தின்றிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. பதினொன்றோ பன்னிரண்டோ ஆனபோது ஒன்று பீறிட்டு என் சட்டையில் அடித்தது. வேடிக்கை பார்த்த கூட்டம் லயம் வரைக்கும் ஓடியது. பேச்சியம்மா மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இதையா எம் பிள்ளைக்கு ஊத்த இருந்தீக?"

தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் வாந்தி வரும் நிலைமை.

மதியம் இருபது பேர் மேடு ஏறி இறங்கினோம். மறுநாள் காலை வெயிலே வராத பாதையில் அரிசியோடு திரும்பினோம். எனக்குக் கொடுத்தது பத்துப் படி. பாதி ஏற்றத்தில் அட்டை கடித்த காலோடு நான் உட்கார்ந்துவிட, அதையும் பேச்சியம்மாவே தன் சுமையோடு சேர்த்துக்கொண்டாள். ஆக மலையேறி நான் கொண்டுவந்தது என்னை மட்டும்தான். அதற்கே மூச்சு வாங்கியது.

மத்தியானம் கஞ்சி காய்ச்சினார்கள். வடக்கு டிவிஷனிலிருந்து நனைந்து வந்த மேனேஜரும் ஒரு போசி குடித்தார். அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. எனக்கு நீட்டிய போசியைப் பேச்சியம்மா திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"இருங்க. நான் மொதல்ல குடிச்சுக் காட்டட்டா?"

வேலை போகவில்லை. கன்ஃபர்மேஷன் ஒரு வருஷம் தள்ளிப்போனது. சங்கரன்கோவில் பெண் காத்திருந்தாள். நாளானாலும் சரக்கு கெடாது என்று என்னைப் பற்றி நம்பிய ஒரே ஆள்.

அதற்குப் பிறகு மூன்று தோட்டத்து ஸ்டோர்களில் வேலை பார்த்தேன். எந்த டின்னுக்கும் பெயிண்ட் அடிக்கவில்லை. வந்த தேதியை மையால் எழுதி, லேபிள் தெரிய வைத்தேன். உப்பியதை உப்பியபடியே வி.ஏ.க்குக் காட்டித் திட்டு வாங்கினேன்.

இப்போது ஸ்டோர் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். இருபது வருஷம், முப்பது வருஷம் ஆன டின்னைத் தின்னலாமா? உப்பல், கசிவு, மடிப்பில் துரு, இதில் ஒன்று இருந்தாலும் ருசி பார்க்காதே, புதை என்பேன். ஒன்றும் இல்லாவிட்டாலும், அது எத்தனை வருஷத்து டின் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதே. யார் கையில் இருந்த டின் என்று கேள்.

என் கையில் இருந்தது என்றால், கடப்பாரையை எடு.