நடு வரிசை டின்கள்

என் அண்ணியைப் பற்றித் தெருவில் யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம்தான் "குடோன்காரம்மாவா?" என்பார்கள். அவளுக்குக் குடோனும் கிடையாது, கடையும் கிடையாது. ரெடிமேட் துணி கம்பெனியில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டைகளில் தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் கோணலா என்று நாள் முழுக்க நின்றபடி பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க மாட்டாள். நான் அதே வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன், பட்டவள் சொல்கிறேன்.

குடோன் என்று ஊர் சொல்வது சமையலறையை ஒட்டிய சின்ன அறையை. இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தபோது மகள் படிக்க என்று அண்ணன் ஒதுக்கிய அறை அது. பாவம், அந்தப் பெண் ஹாலில் உட்கார்ந்தே படித்து முடித்துக் கல்யாணமும் ஆகிப் போய்விட்டாள். அறை முழுக்கத் தகர டின்கள், மூன்று வரிசை. அரிசி, பருப்பு, சர்க்கரை, உப்பு, பால் பவுடர். திடீரென்று ஒரு கஷ்டம் வந்தால் யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது என்பது அண்ணியின் கணக்கு.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஊரில் கலவரம் வந்து கடைகளெல்லாம் மூடிவிட்டார்கள். பால் பவுடர் தீர்ந்துபோய் அண்ணி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனாள். ஒரு வீட்டில் ஜன்னல் வழியாக இவளைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடிக்கொண்டார்கள். எதைக் கேலி செய்தாலும் சிரிப்பாள், அந்தத் திரையைப் பற்றி மட்டும் பேச விட மாட்டாள். நானும் பேசியதில்லை.

மற்றதையெல்லாம் நன்றாகவே பேசியிருக்கிறேன். பேசாமல் எப்படி இருப்பது? புதிதாக வாங்கியதைப் பின் வரிசையில் கொட்டுவாள். சமைக்க முன் வரிசையிலிருந்து எடுப்பாள். முன் வரிசை காலியாக ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும், அப்புறம்தான் மற்றதை முன்னுக்கு நகர்த்துவாள். அதனால் அந்த வீட்டில் புது அரிசியை யாரும் வாயில் வைத்ததே இல்லை. அதுவாவது போகட்டும். எடுத்த அளவு அந்த வாரமே திரும்ப வந்துவிட வேண்டும், இருப்பு குறையவே கூடாது என்பது சட்டம். வாங்கிக் கொட்ட வழியில்லை என்றால் எடுக்கவும் கூடாது. அதாவது, கடை திறந்திருந்தால் டின்னும் திறக்கும். கடை மூடினால் டின்னும் மூடிக்கொள்ளும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஒரு வருஷம் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கடைகள் இல்லை. அறை நிறைய அரிசியை வைத்துக்கொண்டு, படகில் வந்து ரொட்டி கொடுத்தவர்களிடம் கை நீட்ட என்னை அனுப்பினாள். இது வெறும் மழை, இதைவிடப் பெரிதாக ஏதாவது வந்தால் என்ன செய்வது என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகம் அழிகிற அன்றைக்கு அடுப்பு மூட்ட ஆள் இருக்குமா என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அண்ணன் தன் பங்கு ரொட்டியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான்.

அண்ணன் பாட்டில் மூடி செய்கிற தொழிற்சாலையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். வாடகையும் கரண்ட்டும் அவள் சம்பளத்தில், சாப்பாட்டுச் செலவு அவன் சம்பளத்தில். வேலை முடிந்து வரும்போது அரிசி, பருப்பு வாங்கி வருவது அவன் பொறுப்பு. பையைக் கொடுப்பான், அவள் கொண்டுபோய்ப் பின் வரிசையில் கொட்டுவாள். அதில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நான் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அரிசிப் பையோடு வந்தான். அண்ணி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அரிசி கொட்டும் சத்தம் பாதியில் நின்றது. என்னவோ என்று எட்டிப் பார்த்தேன். ஒரு காய்ந்த மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வண்டு வராமல் இருக்க எல்லா அரிசி டின்னிலும் அவள் மிளகாய் போட்டு வைப்பாள். ஆனால் எந்தக் கடைக்காரன் அரிசியில் மிளகாய் போட்டு விற்கிறான்?

அண்ணி மிளகாயைக் கீழே வைத்தாள். நடு வரிசை டின் ஒன்றை இழுத்தாள். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய டின் ஒற்றைக் கை இழுப்பிலேயே வந்தது. உள்ளே பழைய செய்தித்தாள். அடுத்ததைத் திறந்தாள், அதிலும் அதேதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருடன்தான் என்று நினைத்து, திரும்பி அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் அறை வாசலிலேயே நின்றிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

கம்பெனியை மூடிவிட்டார்களாம். மெஷினையெல்லாம் லாரியில் ஏற்றிப் போய்விட்டார்களாம். மழைக்காலத்திலிருந்தே வேலை இல்லை. காலையில் அவள் ஷிஃப்டுக்குக் கிளம்பியதும் நடு வரிசையிலிருந்து எடுத்துப் பையில் கட்டிக்கொள்வான். முன் வரிசையைச் சமைக்கத் திறப்பாள், பின் வரிசையைக் கொட்டத் திறப்பாள், நடுவில் யாரும் கை வைப்பதில்லை. பகலெல்லாம் வேலை கேட்டு அலைவான், கிடைத்த கூலி காய்கறிக்கும் பாலுக்கும் போகும். யாரும் கூப்பிடாத நாளில் பஸ் நிலையத்தில் மடியில் பையோடு உட்கார்ந்திருப்பான். சாயங்காலம் புதிதாக வாங்கியதுபோல அதையே கொண்டுவந்து அவளிடம் கொடுப்பான். அவள் சேர்த்த அரிசியை அவளிடமே, வாரா வாரம்.

அண்ணி ஊரைக் கூட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அங்கேயே ஒரு டின் மேல் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, வாங்கிப் போட வழியில்ல, இனிமே எடுக்காதீங்கன்னு சொல்லிடுவ."

"உங்களுக்கும் பிள்ளைக்கும்தானே சேத்து வெச்சேன். உங்களுக்கே இல்லன்னு சொல்லுவேன்னு நெனச்சீங்களா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை மாதம் சொன்னவனுக்கு இன்னொன்று பெரிய பாரமா? அவன் சொல்லவில்லை.

"ஆமா, நெனச்சேன்" என்றான்.

அண்ணி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மகள் கல்யாணத்தில்கூடப் பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். வாய் விட்டு, முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். அண்ணன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நான் வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவர்கள் அந்த அறையைச் சாப்பிட்டார்கள். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. திரும்ப ஒரு பிடி வாங்கிக் கொட்டாமல், முன் வரிசை, பின் வரிசை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காலி செய்தார்கள். பக்கத்து வீட்டில் கேட்டபோது, அவருக்கு வேலை போய்விட்டது, இருப்பதை வைத்துச் சமைக்கிறோம் என்று அவளே சொன்னாள். கடைசி டின்னில் பருப்பு பாதியாக இருக்கும்போது அண்ணனுக்கு ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனியின் குளிர்கிடங்கில் வேலை கிடைத்தது. முன்பைவிடச் சம்பளம் குறைவுதான்.

இப்போது மறுபடி டின்கள் நிரம்புகின்றன. அதைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. அவள் ஷிஃப்ட் மாறிவிட்டதால் காலையில் அவன்தான் முதலில் கிளம்புகிறான். அவள் வாசல்வரை வருகிறாள். எதிர்வீட்டுக்காரர்கள் நின்றாலும் சரி, நான் படியில் இறங்கி வந்தாலும் சரி, குரலைக் குறைப்பதில்லை.

"வேலை இல்லன்னு சொன்னாங்கன்னா எங்கயும் உக்காராதீங்க. நேரா வீட்டுக்கு வந்துடுங்க."

அண்ணன் தலையை ஆட்டிவிட்டுப் போகிறான். அவன் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலிலேயே நிற்கிறாள்.