ஒன்பதாம் வகுப்பின் பின்வரிசை

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சமையல் ஆயாவாக இருந்தேன். மழை விட்ட சமயம், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். ஏனென்று அவன் வீட்டாருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

அவனுடைய வகுப்பு வாத்தியார் கண்ணமங்கலத்துக்காரர், சின்ன வயசு. பள்ளி மறுபடி திறந்த அன்று கரும்பலகையில் எழுதத் திரும்பியவர், எழுதாமலே வெளியே வந்துவிட்டார். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்ட முடியவில்லையாம். தான் பார்க்காத நேரத்தில் இன்னொரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாம். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போகிறேன் என்றார்.

தலைமை ஆசிரியர் விடவில்லை. அங்கே தனியாக உட்கார்ந்து என்ன செய்வாரோ என்ற கவலை அவருக்கு. இரவில் மற்ற வாத்தியார்கள் முறை வைத்து வகுப்பு வாத்தியாரின் அறையில் படுத்தார்கள். பகலில்தான் ஆள் இல்லை. தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"அஞ்சாவதோட படிப்ப வுட்டவதான நீ? போய் ஒம்பதாவதுல உக்காரு. அவரு எழுதறப்ப புள்ளைங்கள நீ பாத்துக்க."

பால் பொங்குகிறதா என்று பார்க்கவே பத்து தடவை எழுந்து போகிறவள் நான். என்னைப் போய்க் காவலுக்கு வைக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே வகுப்புக்குப் போனேன்.

பின்வரிசையில் அவன் இடத்தைப் பிள்ளைகள் காலியாக விட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாத்தியார் பாதிக் கணக்கில் திரும்பி என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். கணக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பிள்ளைகளின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மதியம், பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு கேட்டார்: "அவன் என்னப்பத்தி உங்ககிட்ட இன்னா சொன்னான் ஆயா?"

நல்லதாக ஏதாவது புனைந்து சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"ஒண்ணும் சொல்லல சார். தெனம் அவனுக்குச் சோறு போட்டவ நானு. எனக்கே ஒண்ணும் தெரில."

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். அவன் போன பிறகு அவர் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. யாரையாவது கூப்பிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். பிறகு, எங்கும் போகாமல் அங்கேயே இருந்தேன்.

சில நாள் கழித்து ஒரு கணக்கைத் திரும்பாமல் எழுதி முடித்தார். மணி அடித்ததும் என்னிடம் வந்து, "நாளைலேர்ந்து நீங்க அடுப்பப் பாருங்க ஆயா" என்றார்.

"எனக்குத்தான் இன்னும் பயம் போகல சார். கொஞ்ச நாள் வர்றேனே."

சரியென்று தலையசைத்தார்.