புற்றடி மண்

1. அடைபட்ட சாலை

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலைகளில் கிடத்தியிருந்த நாள்கள் அவை. பட்டு வளர்ப்புத் துறையில் நான் அப்போது தொழில்நுட்ப உதவியாளன். கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தலுக்கு, மிதிவண்டியைச் சில இடங்களில் தூக்கிக்கொண்டே சென்றேன்.

அஞ்சலை என்னும் குத்தகை விவசாயியின் கொட்டகையில் பட்டுப்புழுக்கள் நான்காம் முறை தோலுரித்து எழுந்திருந்தன. தம் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பகுதியை அவை தின்பது இப்பருவத்தில்தான். தோட்டத்து மல்பெரியோ ஏறக்குறைய மொட்டையாகிவிட்டது. விலைக்குப் பேசியிருந்த இலைவண்டி, வெட்டுண்ட மரங்களுக்கு அப்பால் நின்றது. பசியில் புழு நலிந்தால் கூடு கட்டாது. அந்தப் போகமே போய்விடும்.

தோட்ட நடுவிலிருந்த கறையான் புற்றைச் சுற்றி மட்டும் செடிகள் கரும்பச்சையாய் அடர்ந்திருந்தன. அது அம்மன் புற்று. அங்கே எவரும் இலை பறிப்பதில்லை. பறிக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அஞ்சலையே கூடையை எடுத்தார். சாமி கண்ணைக் குத்தும் என்று கணவர் வாசலை மறித்தார்.

"ரோட்டதான் மறிச்சிக்கினு கெடக்காங்க, நீ வூட்டயும் மறிக்காதய்யா. ஆத்தாகிட்ட கேட்டுட்டேன். வேணான்னு அவ சொல்லல."

"சரின்னும் சொல்லலியே?"

"நீகூடதான் கல்யாணத்தன்னிக்கு வாயத் தொறக்கல."

கணவர் விலகினார். புழுக்கள் கூடு கட்டின.

2. மண் மாதிரி

சாலை திறந்ததும், புற்றடி இலை போகத்தைக் காத்த செய்தி மேலதிகாரிக்கு எட்டியது. புற்றுமண் சத்து மிக்கது, புற்றை உடைத்துத் தோட்டமெங்கும் பரப்பலாம் என்று அறிக்கை தருமாறு பணித்தார். எனக்கு ஓர் ஐயம் இருந்தது. கறையான் அடிமண்ணின் களியையும் சுண்ணாம்பையும் மேலே கொணர்வது உண்மை. ஆனால் அங்கே பறிக்காத இலைகளும் ஆண்டாண்டாக உதிர்ந்து மக்கியிருந்தன. ஆகவே, வேலியோரம் வழிபாடின்றி, சுற்றிலும் இலை பறிக்கப்பட்டுக் கிடந்த மற்றொரு புற்றடியிலும் மண் எடுத்தேன். களியும் சுண்ணாம்பும் இரண்டிலும் மிகுந்திருந்தன. தழைச்சத்து அம்மன் புற்றடியில் மட்டுமே மிகுந்திருந்தது.

மறுபடி சரிபார்க்கச் சென்றேன். புற்றைச் சுற்றிப் புழுவின் எச்சமும், தின்று மீந்த காம்பும் குவிந்திருந்தன.

"இன்னாம்மா இது? நான் மண்ணு எடுக்கணுமே."

"அவ எலயத் தின்னுதானே சார் பொழச்சிது? மிச்சத்த அவகிட்டயே கொட்டிட்டேன். சும்மா எடுத்துக்கினு போனா நல்லாவா இருக்கும்?"

மாதிரி கலந்துவிட்டது, மறு ஆய்வு இயலவில்லை. புற்றை உடைக்க வேண்டா, பறித்த இலைக்கு ஈடாகப் புழுக்கழிவை மண்ணுக்கே திருப்பி இடுக என்று எழுதிக் கொடுத்தேன். கறையானைப் பற்றிக் கேட்டால் புழுவைப் பற்றி எழுதியிருக்கிறீரே என்றார் மேலதிகாரி.

மண் மாதிரிப் பையின்மேல் இடத்தையும் ஆழத்தையும் எழுதுகிறோம். அவ்விடத்தில் மனிதர் எதைச் செய்யாது விட்டிருக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுக.