துரைக்கு விரிக்காத துணி

எங்கள் பக்கத்துத் தியாகிகள் பட்டியலில் முத்துத்தாய் பெயர் கிடையாது. ஜெயிலுக்குப் போனவர்களைத்தான் எழுதுவார்களாம். எழுதிவிட்டுப் போகட்டும். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. அதனால் நான் எழுதுகிறேன்.

திருவாதவூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஊர்த்துணி அத்தனையும் வெளுத்தவள் முத்துத்தாய். கூலி என்பது சாயங்காலம் வீடு வீடாகப் போய் வாங்கும் சோறுதான். அது நின்றால் அவளும் மகள் சின்னத்தாயும் பட்டினி. புருஷன் கருப்பு கள்ளுக்கடையே கதியென்று கிடந்து செத்துப்போயிருந்தான்.

1932இல் அந்தக் கடை வாசலில் ஏழு சம்சாரிகள், உழுது பிழைக்கிறவர்கள், மறியலுக்கு உட்கார்ந்தார்கள். போலீஸ் அடித்த அடியில் அவர்களில் ஒருவரான சோணைமுத்துவுக்குக் கால் வீங்கிவிட்டது. ஏழு பேரையும் சாவடியில் பூட்டிவைத்தார்கள். மறுநாள் காலை மேலூர் கோர்ட்டுக்கு நடத்திக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதே காலையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரும் ஊருக்கு வருவதாக இருந்தது.

கிராம முன்சீப் முத்துத்தாயைக் கூப்பிட்டனுப்பினார்.

“துரை வாராரு. எல்லையில இருந்து சாவடி வரைக்கும் நடைபாவாடை விரிக்கணும். அவர் கால்ல மண்ணு படக்கூடாது, தெரியுதா?”

சாமி புறப்பாட்டுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வெளுத்த துணியைத் தரையில் விரித்துக்கொண்டே போவது வண்ணார் செய்யும் மரியாதை. யார் வீட்டுத் துணி கையில் இருக்கிறதோ அதைத்தான் விரிப்பார்கள்.

“சரிங்க சாமி” என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

காலையில் மூட்டையோடு வந்தவள் எல்லைப் பக்கமே போகவில்லை. சாவடிக் கதவு திறந்ததும் கைதிகளின் காலடியில் முதல் வேட்டியை உதறி விரித்தாள். சோணைமுத்து மிதிக்கத் தயங்கி நின்றார்.

“நடங்க சாமி. அந்தக் கடையால தாலியறுத்தவ நானு. உங்களுக்கு விரிக்காம வேற எவனுக்கு விரிக்க?”

அவர் நொண்டி நொண்டி நடந்தார். பின்னாலேயே ஆறு பேரும் நடந்தார்கள். நடந்து முடித்த துணியை உருவிக்கொண்டு ஓடிப்போய் முன்னால் விரித்தாள் முத்துத்தாய். போலீஸ்காரர்கள் திருதிருவென்று முழித்துவிட்டு ஓரத்துப் புழுதியில் நடந்தார்கள்.

முன்சீப் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

“அடியே, அது என் வேட்டிடி!”

“வெளுத்தவளுக்குத் தெரியாதா சாமி? ஊருலயே இம்புட்டு வெள்ளை உங்க வேட்டிதான்.”

“இன்னையிலிருந்து இந்த ஊர்ல உனக்கு ஒரு பருக்கை கிடையாது!”

அவள் அடுத்த வேட்டியை உதறினாள். எல்லையில் வந்து இறங்கிய துரை, பளபளத்த பூட்ஸோடு மண்ணில் நடந்தே சாவடிக்கு வந்து சேர்ந்தார்.

அன்று சாயங்காலமும் முத்துத்தாய் சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நேரே போய் நின்றது முன்சீப் வீட்டில். வழக்கமாக நிற்கும் கொல்லைப்புறத்தில் இல்லை, தெருவாசலில். பயமில்லாமலா? இருக்கத்தான் செய்தது. ஆனாலும் நின்றாள். கதவு திறக்கவில்லை.

சேதி தெரிந்து சோணைமுத்துவின் சம்சாரம் ஓடிவந்தாள்.

“எங்க வீட்டுக்கு வா முத்துத்தாயி. சோறு வச்சிருக்கேன்.”

“அங்கிட்டும் வாரேன் தாயி. மொதல்ல இங்க எனக்குச் சேர வேண்டியத வாங்கிக்கிறேன்.”